விழுப்புரத்திலிருந்து வெள்ளிமலை வரை: உழைப்பவரின் பதிவுக்கு ஒரு பொதுமொழி

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் வட்டங்களோடு, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டமும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. விழாவும் கல்வெட்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். அலுவலகங்களுக்குள் நடக்க வேண்டிய பிரிவினை அவ்வளவு எளிதில் முடியாது. யார் எந்த மாவட்டத்தின் ஊழியர், யாருடைய விடுப்புக் கணக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு எந்தக் கருவூலம் சம்பளம் போடும் என்பதையெல்லாம் ஒவ்வொரு பெயராக எடுத்துத் தீர்க்க வேண்டும்.

1980களின் இறுதியில் சின்னசேலத்தில் பணியில் சேர்ந்த ஓர் எழுத்தரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்தபோது அவர் தென்னாற்காடு மாவட்டத்து ஊழியர். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் உருவானதும் விழுப்புரத்துக்காரர் ஆனார். 2019-இல் கள்ளக்குறிச்சிக்காரர். இருந்த இடத்தை விட்டு அவர் அசையவே இல்லை. மூன்று மாவட்டங்களின் முத்திரை அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கும். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை, வாரிசு நியமனம் என முப்பது ஆண்டு உழைப்பும் அந்த எஸ்.ஆர். புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் கிழிந்தாலும் ஓய்வூதியக் கோப்பு நின்றுவிடும்.

இப்படிப்பட்ட பதிவை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பொருள் சிதையாமல் கொண்டுபோவது எப்படி? உலகம் முழுவதும் கால் நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அதற்குக் கிடைத்த விடைகளில் முக்கியமானது குறியீட்டு மொழி.

1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு மொழியின் முதல் பதிப்பைப் பரிந்துரையாக வெளியிட்டது. தகவலின் இருபுறமும் அது இன்னதென்று சொல்லும் குறிச்சொற்களை வைப்பதே அதன் அடிப்படை. <பணியிடம்>வெள்ளிமலை</பணியிடம்> என்று எழுதினால், வெள்ளிமலை என்பது இங்கே ஆளின் பெயரல்ல, வேலை செய்யும் இடம் என்பது மனிதருக்கும் புரியும், கணினிக்கும் புரியும். குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதவும் அந்தத் தரம் இடம் தருகிறது. எந்தெந்தக் குறிச்சொல் வரலாம், எது கட்டாயம், எதற்குள் எது அடங்கும் என்பதை ஸ்கீமா எனப்படும் இலக்கண ஆவணம் வரையறுக்கிறது. இரு தரப்பும் ஒரே ஸ்கீமாவை ஏற்றுக்கொண்டால் ஒருவர் அனுப்புவதை மற்றவர் தட்டச்சு செய்யாமலே வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டே, 1999-இல், மனிதவளத் துறைக்கென்று எச்.ஆர்.-எக்ஸ்.எம்.எல். கூட்டமைப்பு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஆள்சேர்ப்பு நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் சம்பளக் கணக்கு பார்ப்போரும் ஒன்றாக உட்கார்ந்த இடம் அது. அவர்களை உட்கார வைத்தது ஒரு கணக்கு. ஒன்றோடொன்று பேச வேண்டிய மென்பொருள்கள் பத்து இருந்தால், ஒவ்வொரு இணைக்கும் தனித்தனிப் பாலம் கட்ட 45 பாலங்கள் வேண்டும். நடுவில் ஒரு பொதுமொழி இருந்தால் ஒவ்வொன்றும் அந்த மொழியைக் கற்றால் போதும்; பத்து இணைப்போடு வேலை முடியும். தன்விவரம், காலிப்பணி அறிவிப்பு, வருகைத்தாள், சம்பளக் குறிப்பு, திறன் பட்டியல், முன்வரலாற்றுச் சரிபார்ப்பு என ஒன்றொன்றுக்கும் அவர்கள் ஸ்கீமா எழுதினார்கள். ஒருவருடைய பெயரைப் பதிய மட்டும் ஒரு தனி அமைப்பு இருந்தது.

எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. காரணத்தைக் கவனித்தால் கள்ளக்குறிச்சிக்கும் பாடம் இருக்கிறது. எல்லா நிறுவனங்களையும் திருப்திப்படுத்தத் தரம் பெரிதாகிக்கொண்டே போனது. அவரவர் விருப்பப்படி கூடுதல் கட்டம் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடம் விடப்பட்டது. சேர்க்கச் சேர்க்க, ஒரே தரத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட இரண்டு நிறுவனங்கள் ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாத நிலை உண்டானது. பிறகு அந்த அமைப்பு எச்.ஆர். ஓப்பன் ஸ்டாண்டர்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, எக்ஸ்.எம்.எல். வடிவத்தோடு ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவத்திலும் தரங்களை வெளியிட்டு வருகிறது. ஐரோப்பாவில் அரசுகளே முன்கை எடுத்தன. 2004-இல் வந்த யூரோபாஸ் ஏற்பாடு, தன்விவரக் குறிப்புக்கு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான அமைப்பைத் தந்தது, அதற்கு எக்ஸ்.எம்.எல். வடிவமும் உண்டு.

இந்தியாவில் நிலைமை எப்படி? ஒரே தொழிலாளியின் மாதச் சம்பளம் எத்தனை வடிவங்களில் பயணம் செய்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனம் மாதந்தோறும் ஏற்றும் இ.சி.ஆர். கோப்பு வெறும் உரைக்கோப்பு. அதில் ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே #~# என்ற மூன்று குறிகள் வேலியாக நிற்கின்றன. சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான காலாண்டுக் கோப்பில் அதே வேலையை ^ செய்கிறது. எந்த இடத்தில் எந்தத் தகவல் என்பது வரிசையை வைத்துத்தான் தெரியும். ஒரு கட்டம் நகர்ந்தால் எல்லாமே நகர்ந்துவிடும். வருமான வரிக் கணக்குக்கான கோப்பு எக்ஸ்.எம்.எல்.லில் இருந்து 2021-இல் ஜேசனுக்கு மாறியது.

பணத்துக்கு மட்டும் சீரான மொழி எப்போதோ கிடைத்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் ஆர்.டி.ஜி.எஸ். 2013 அக்டோபரில் ஐ.எஸ்.ஓ. 20022 என்ற பன்னாட்டுத் தரத்துக்கு மாறியது. அதன் செய்திகள் எக்ஸ்.எம்.எல்.லில் எழுதப்படுபவை. மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பான பி.எஃப்.எம்.எஸ்.-உம் வெளி மென்பொருள்களோடும் வங்கிகளோடும் எக்ஸ்.எம்.எல். கோப்புகளில் பேசுகிறது. ரூபாய் எங்கிருந்து எங்கே போனது என்று நொடியில் சொல்ல முடிகிற நாட்டில், அந்த ரூபாய்க்கு உழைத்த ஆள் எங்கே, எத்தனை நாள், என்ன வேலை செய்தார் என்பதை ஓர் அலுவலகம் இன்னொன்றுக்குச் சொல்லப் பொதுமொழி இல்லை. முன்னுரிமை எங்கே இருந்தது என்பதை இது காட்டுகிறது. இது மாற வேண்டும்.

தமிழ்நாடு ஒரு பெரிய முயற்சியைச் செய்திருக்கிறது. ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்று ஊழியர்கள் சொல்லும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம், ஏறத்தாழ 9 லட்சம் அரசு ஊழியர்களின் பணிப்பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரும் நோக்கத்தோடு 2019 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இப்போது களஞ்சியம் என்ற பெயர் பழகிவிட்டது. மாறுதலாகிப் போகும் ஊழியர், கடைசி ஊதியச் சான்று எனும் எல்.பி.சி. பழைய அலுவலகத்திலிருந்து வரவில்லை என்று சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பணிப்பதிவேட்டில் ஒரு தேதிக்கு எவ்வளவு எடை என்பதற்கு 2003 ஏப்ரல் 1 சாட்சி. அன்றும் அதன் பிறகும் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள்; முந்தைய நாள் வரை சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றும்போது ஒரு நாள் பிசகினால் ஒரு குடும்பத்தின் முதுமையே திசைமாறும்.

ஒரே கூரை என்பது பொதுமொழி ஆகாது. கல்வராயன்மலைப் பள்ளிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையைச் சேர்ந்தவை. அடிவாரத்து அரசுப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவை. அடிவாரத்துப் பள்ளி ஆசிரியர்களின் மாறுதல் கலந்தாய்வு அந்தத் துறையின் எமிஸ் தளத்தின் வழியே நடக்கிறது. சம்பளம் இரு சாராருக்கும் களஞ்சியத்தில். ஆண்டுதோறும் எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர் எண்ணிக்கையும் மத்திய அரசின் யூடைஸ் தளத்துக்குப் போகிறது. மலையில் எத்தனை கணித ஆசிரியர் இடங்கள் காலி என்ற எளிய கேள்விக்கு விடை காண இத்தனை இடங்களையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. ‘பணியிடம்’ என்பது ஒன்றில் ஒப்பளிக்கப்பட்ட இடத்தைக் குறிக்கலாம்; இன்னொன்றில் ஆசிரியர் இன்று பாடம் நடத்தும் பள்ளியைக் குறிக்கலாம். மாற்றுப்பணியில் போனவர் ஓரிடத்தில் இருக்கிறார், ஓரிடத்தில் எண்ணப்படுகிறார். ஸ்கீமா எழுதுகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான். கணினிக்காரர் மட்டும் உட்கார்ந்து தீர்க்கக் கூடியதும் அல்ல.

பெயரில் தொடங்கும் சிக்கல் இன்னும் ஆழமானது. மேலை நாட்டில் எழுதப்பட்ட தரங்களில் இடுபெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியல். திருமணமான பெண் பலருக்கு அந்த எழுத்தும் மாறுகிறது. ஆதாரில் பெயர் ஒரே கட்டத்தில், கடவுச்சீட்டில் இரண்டு கட்டத்தில், வருங்கால வைப்புநிதிக் கணக்கில் ஆதாரோடு பொருந்த வேண்டும். இனிஷியல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, விரித்து எழுதியதா சுருக்கி எழுதியதா என்பதற்காக வைப்புநிதிப் பணம் கைக்கு வராமல் அலைந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்குள் அடைபடும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டுக்கென்று ஒரு தரம் எழுதினால், பெயர் தமிழில் முதலில், தந்தை அல்லது தாய் பெயர் தனியாக, ஆங்கில ஒலிபெயர்ப்பு அதற்குக் கீழே என்றுதான் அது அமைய வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஊர்ப் பெயருக்கும் இதே கதி. அரசின் ஆங்கில ஆவணங்களிலேயே கல்வராயன், கல்ராயன் என இரு வடிவங்கள் புழங்குகின்றன. மனிதருக்கு இரண்டும் ஒரே மலை. கணினிக்கு இரண்டு இடங்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வட்டாரத்துக்கும் ஊராட்சிக்கும் எண் கொடுத்திருக்கிறது. பெயரோடு அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பினால் இந்தத் தொல்லை தீரும். மாவட்டம் பிரிந்தாலும் ஊராட்சி எது என்று தெரியும்.

எழுத்துருவையும் விட்டுவிட முடியாது. மாநில அரசு அலுவலகங்கள் நெடுங்காலம் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே அது வேறு எழுத்துகளின் எண்களே. எக்ஸ்.எம்.எல். ஒருங்குறியை (யூனிகோடு) அடித்தளமாகக் கொண்டது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளை எழுத்து எழுத்தாக மாற்றிச் சரிபார்க்காமல் எந்தத் தரத்துக்குள்ளும் கொண்டுவர முடியாது. பழைய மாவட்டத்திலிருந்து வந்த கோப்புகளைக் கொண்ட புதிய மாவட்டத்துக்கு இது கூடுதல் சுமை.

இதுவரை சொன்னது மாதச் சம்பளம் வாங்குவோர் கதை. மலைக்கு மேலே பெரும்பாலோர் அப்படி இல்லை.

கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசின் பதிவேடுகள் சமவெளியை விடப் பல தலைமுறை பிந்தித்தான் அங்கே ஏறின. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-இல்தான். மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளி போடுகிறார்கள், தினை சாமை விதைக்கிறார்கள். பருவம் முடிந்ததும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் குடும்பத்தோடு இறங்கிப்போகிறார்கள். அடிவாரத்தில் கச்சிராயப்பாளையத்திலும் தொலைவில் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் கரும்பு வெட்டுக்கு ஆள் வேண்டும். ஓராண்டில் ஒரே ஆள் விவசாயி, தோட்டக் கூலி, வெட்டாள். எந்தப் பதிவேட்டிலும் இந்த மூன்றும் சேர்ந்து இல்லை. வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்ற கணக்கு மேஸ்திரியின் நோட்டில் மட்டும்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்காக 1979-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும் என்றது. வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் இடமும், வேலைக்காலம், கூலி விகிதம், பிடித்தங்கள், திரும்பி வரும் பயணச் செலவு ஆகியவற்றை அதில் எழுத வேண்டும்; இந்தி ஆங்கிலத்தோடு தொழிலாளியின் மொழியிலும் எழுத வேண்டும். எக்ஸ்.எம்.எல். பிறப்பதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டங்களின் பட்டியலை, மொழியை, யார் கையில் இருக்க வேண்டும் என்பதை வரையறுத்த தரம் அது. பதிவு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்று சொன்னதுதான் அதன் உயர்வு. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பிய பிறகுதான் நாட்டுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலே இல்லை என்பது உறைத்தது. 2021 ஆகஸ்ட் 26-இல் இ-ஷ்ரம் தளம் திறக்கப்பட்டது. பதிந்தவர்கள் 30 கோடியைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் உண்டு. தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தேசியத் தொழில் வகைப்பாட்டை ஒட்டிய பட்டியலும் உண்டு. அந்த வகைப்பாட்டின் 2015 பதிப்பு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டோடு பொருந்துவது. மிளகு பறிப்பவருக்கும் கரும்பு வெட்டுபவருக்கும் கர்நாடகத்தின் குடகில் ஒரு பெயர், கள்ளக்குறிச்சியில் ஒரு பெயர் இருந்தாலும் அந்தந்தத் தொழிலுக்கான எண் ஒன்றாக இருக்கும். பாதிப் பாதை கடந்தாயிற்று என்றே சொல்லலாம். மீதிப் பாதி, தோட்ட முதலாளியிடமிருந்தும் ஆலையிலிருந்தும் வேலைநாள் கணக்கு தொழிலாளியின் 12 இலக்க எண்ணுக்கு வந்து சேர்வது. இ-ஷ்ரமில் இருப்பது தொழிலாளி தானே சொன்ன விவரம். வேலை கொடுத்தவர் சொல்லும் விவரம் அதில் ஏறினால்தான் அது அனுபவச் சான்றாகும்.

நூறு நாள் வேலையில் வேலைநாள் கணக்கு கணினிக்குப் போகிறது. பணித்தளப் பொறுப்பாளர் என்.எம்.எம்.எஸ். செயலியில் நாளுக்கு இருமுறை படம் எடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. வருகை, அளவு, கூலி, வங்கி என்று கோப்பு கோப்பாக நகர்ந்து பணம் கணக்கில் ஏறுகிறது. குறியீட்டு மொழியும் தரமும் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. என்ன செய்துவிடக் கூடும் என்பதற்கும் இதுவே சான்று. மக்களவையில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் தந்த பதிலின்படி, 2021-22-இல் நாடு முழுவதும் நூறு நாள் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளர் பெயர்கள் ஏறத்தாழ 1.49 கோடி, 2022-23-இல் 5.18 கோடி. போலி அட்டை, இரட்டைப் பதிவு, வேலை செய்ய விருப்பமில்லை, ஊரைவிட்டுக் குடிபெயர்ந்தார், இறந்தார் என்பவை காரணங்கள். பருவ வேலைக்காக நான்கு மாதம் குடகுக்குப் போயிருக்கும் மலைக் குடும்பத்தை இவற்றில் எந்தக் காரணத்தில் அடைப்பது? ‘தற்காலிகமாக வெளியூரில்’ என்று ஒரு தேர்வு பட்டியலில் இல்லாதபோது, ஊரில் இல்லாதவரைக் குடிபெயர்ந்தவர் ஆக்கிவிடுவது சுலபம். இங்கே பிழை கணினியினுடையது அல்ல. கட்டங்களை வரைந்த மேசையில் கல்வராயன்மலையைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தகவல் சுலபமாகப் பயணிக்கும்போது பாதுகாப்பும் கேள்வியாகிறது. தொழிலாளியின் சாதி, உடல்நிலை, கடன், பழைய முதலாளியோடு இருந்த தகராறு ஆகியவை அடுத்த முதலாளிக்குப் போகக் கூடாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நடைமுறை வழி ஒன்று ஆதாரிலேயே இருக்கிறது. இணையத் தொடர்பு இன்றி அடையாளம் காட்டப் பயன்படும் ஆதார் கோப்பு, ஆதார் ஆணையத்தின் மின்கையொப்பம் இட்ட எக்ஸ்.எம்.எல். கோப்பு. அதை இறக்கிக்கொள்பவர் அட்டைக்கு உரியவர்தான். திறக்கும் சொல்லும் அவரிடம்தான். முழு ஆதார் எண் அதில் இருக்காது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் இருக்கும். திருத்தினால் கையொப்பம் காட்டிக்கொடுத்துவிடும். வேலைநாள் சான்றுக்கும் இதே வழி பொருந்தும்: ஆலை கையொப்பமிட்டுத் தரட்டும், தொழிலாளி வைத்துக்கொள்ளட்டும், அவர் விரும்பியவரிடம் காட்டட்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் இதற்குத் தக்க களம். புதிய மாவட்டம், ஒரே மலை வட்டம், இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்வரும் தொழிலாளர். எச்.ஆர்.-எக்ஸ்.எம்.எல். போலப் பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. தமிழில் பெயர், ஊராட்சி எண், தொழில் எண், வேலை தொடங்கிய நாளும் முடிந்த நாளும், கூலியும் முன்பணமும், வேலை கொடுத்தவரின் கையொப்பம் ஆகிய ஆறு கட்டங்கள் போதும். ஸ்கீமாவை அரசு இணையத்தில் வெளிப்படையாக வைக்க வேண்டும். மலையில் தொடர்பு கிடைக்காத இடங்களில் அதே கட்டங்கள் அச்சிட்ட புத்தகமாகவும் இருக்க வேண்டும். தொடர்பு உள்ள இடத்துக்கு வந்ததும் இ-சேவை மையத்தில் ஏற்றிக்கொள்ளலாம். கூட்டுறவு ஆலைகள் அரசின் மேற்பார்வையில் இருப்பவை என்பதால் முதல் அரவைப் பருவத்தை அங்கிருந்தே தொடங்கலாம். கட்டங்களை இறுதி செய்யும் கூட்டத்தை வெள்ளிமலையில் வைத்து, தோட்டத்துக்குப் போய்வந்த பெண்களையும் மேஸ்திரிகளையும் அழைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும்.